பிணத்தைக் கையாளக் கற்றுத் தருகிறோம், சாகக் கிடப்பவரை?

நர்சிங் கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு சிக்கவில்லையென்றால் கைவசம் ஒன்று எப்போதும் உண்டு: 'மரணத் தறுவாயில் இருப்போரைப் பராமரிப்பது பற்றி மாணவியரின் மனப்பான்மை'. கேத்தரின் ஃப்ரோமெல்ட் என்ற அமெரிக்க நர்ஸ் 1991இல் வெளியிட்ட கேள்வித்தாள் ரெடியாக இருக்கிறது. 30 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 30க்கும் 150க்கும் இடையில் ஓர் எண் வரும். அவருடைய கேள்வித்தாளை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இப்படிப் பல ப்ராஜெக்டுகளைப் புரட்டிய ஆசிரியையாகச் சொல்கிறேன், நம் வகுப்பறையில் எடுக்கும் அந்த எண்ணை நான் நம்புவதில்லை. சாகப் போகிறவரைப் பராமரிப்பது பயனுள்ள அனுபவமா என்று கேட்டால் எந்தப் பிள்ளை இல்லை என்று டிக் அடிக்கும்? பேப்பரை வாங்கி வைப்பவரே மேம்தானே!

வார்டுக்கு வந்து பாருங்கள். கடைசிக் கட்டத்தில் இருக்கும் கேன்சர் நோயாளியின் கட்டிலருகே பி.பி. பார்ப்பார்கள், டிரிப்ஸைப் பார்ப்பார்கள், சார்ட்டில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரக்கம் இல்லாமல் இல்லை. "நான் பொழைச்சிடுவேனாம்மா?" என்று அவர் கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயம். போதாததற்கு, மகன் வராந்தாவிலேயே மடக்கி, "அப்பாவுக்குக் கேன்சர்னு தெரியாது சிஸ்டர், அல்சர்னுதான் சொல்லி வச்சிருக்கோம்" என்பார். அப்பாவுக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும், மகனுக்காகத் தெரியாததுபோல் இருப்பார். நடுவில் மாட்டிக்கொள்வது பத்தொன்பது வயசுப் பெண். சாவை எதிர்கொள்பவரின் மனம் கடக்கும் நிலைகள் என்று மனநல மருத்துவர் கியூப்ளர்-ராஸ் 1969இல் சொன்ன ஐந்தையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். கட்டிலருகே நின்றால் "எல்லாம் சரியாயிடும் தாத்தா" என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வராது.

இறந்த பிறகு செய்ய வேண்டியதை மட்டும் கச்சிதமாகக் கற்றுத் தருகிறோம். கண்ணை மூடு, தாடையைக் கட்டு, டியூப்களை எடு, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டு, பெயர்ச் சீட்டை மாட்டு. (போலீஸ் கேஸ் என்றால் டியூபில் கை வைக்கக் கூடாது. இதைப் பரீட்சையிலும் கேட்போம்.) பல பிள்ளைகளுக்கு மரணத்தோடு முதல் அறிமுகமே இந்த வேலைதான். முடித்ததும் கையைக் கழுவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். அழுதுவிட்டால், "இதுக்கே இப்படின்னா எப்படி நர்ஸாவே?" என்று ஒரு சீனியர் கேட்பார்.

மனசைத் திடப்படுத்திக்கொள் என்று சொல்லி இந்தப் பயத்தைப் போக்க முடியாது. வேலை தெரிந்தால் பாதி போய்விடும். கடைசி நேரத்தில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வரும். வீட்டார் பதறுவார்கள், மாணவி சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் மெஷினைத் தேடி ஓடுவாள். பல சமயம் ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே சத்தம் குறையும். கேட்கிற நமக்கு இருக்கும் கலக்கம் பெரும்பாலும் நோயாளிக்கு இருக்காது என்பதை வீட்டாரிடம் எடுத்துச் சொல்லவும் வேண்டும். காய்ந்த வாயை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுவது, ஒரு வாய் கஞ்சிகூட இறங்கவில்லையே என்று அழும் மகளிடம் உடம்பு இப்போது சாப்பாடு கேட்கவில்லை என்று விளக்குவது, சரியான அளவில் கொடுக்கும் மார்ஃபின் ஆளைக் கொல்லாது என்று தெரிந்திருப்பது, எல்லாமே பழகினால் வருகிற வேலைதான். ஊசி போடப் பழக்குகிற மாதிரி இதையும் பக்கத்தில் நின்று பழக்கலாம்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்தில் பாலியேட்டிவ் கேர், அதாவது தீராத நோயில் வலியையும் அவதியையும் குறைக்கும் பராமரிப்பு, சேர்ந்திருக்கிறது, சரி. நாம் அதை பவர்பாயின்ட் ஓட்டியே முடித்துவிடுவோமோ என்பதுதான் என் கவலை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதிலிருந்து பாலியேட்டிவ் நர்ஸ்கள் வீடு தேடிப் போகிறார்கள். நம் பிள்ளைகளும் கம்யூனிட்டி போஸ்டிங்கில் சர்வே நோட்டோடு கிராமம் கிராமமாகத்தான் சுற்றுகிறார்கள். அதில் ஒரு வாரத்தை அந்த நர்ஸ்களோடு கழிக்க விடலாம். அனுமதிக் கடிதம் வாங்க அலைய வேண்டியிருக்கும், அலைவோம். திரும்பி வந்ததும் அரை மணி நேரம் வட்டமாக உட்கார வைத்துப் பேசவிட வேண்டும். அதை லாக்புக்கில் எந்தப் பக்கத்தில் எழுதுவது மேம் என்று கேட்பார்கள். எழுத வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.