சட்டக் கல்லூரிக்கு மார்க் போடுவது யார்?

பாலக்கோட்டில் அக்கா மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு சட்டம்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். 2017-ல் வந்த தருமபுரி அரசு சட்டக் கல்லூரியில் சீட் கிடைத்தால் சரி, வீட்டிலிருந்தே போய்வரலாம். கிடைக்காவிட்டால்? மாநில எல்லை தாண்டி ஒரு காலேஜ் இருக்கிறது, பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்று ஒரு புரோக்கர் அக்காவுக்கு இரண்டு தடவை போன் செய்துவிட்டார். "பார் கவுன்சில் அங்கீகாரம் இருக்குங்க" என்கிறார். இருக்கிறது, அதுதானே பிரச்சினை!

நானும் எல்லை தாண்டிப் படித்தவன்தான். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு டெம்போவில் புத்தகம் வந்து இறங்கியது, நாங்களே உட்கார்ந்து சீல் குத்தினோம். மறுநாள் அதுவரை பார்த்தேயிராத ஒரு பேராசிரியர் எங்கள் வகுப்புக்கு வந்து, "நான் என்ன சப்ஜெக்ட்டுப்பா?" என்று எங்களிடமே கேட்டார். அடுத்த வாரம் புத்தகமும் இல்லை, அவரும் இல்லை. அங்கீகாரம் மட்டும் இருந்தது.

1961 வழக்கறிஞர்கள் சட்டப்படி சட்டக் கல்வியின் தரத்தை வகுக்க வேண்டியது இந்திய பார் கவுன்சில், பல்கலைக்கழகங்களையும் மாநில பார் கவுன்சில்களையும் கலந்துகொண்டு. ஆனால் பார் கவுன்சில் என்பது வக்கீல்கள் ஓட்டுப் போட்டு உருவாகிற அமைப்பு. சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமம் கொடுப்பது, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது, காலேஜுக்கு அனுமதி கொடுப்பது எல்லாம் ஒரே குடும்பத்துக்குள் நடந்தால் யார் யாரைக் கேட்பது? 2019-ல் புதுக் கல்லூரிகளுக்கு மூன்று வருடத் தடை, 2025-ல் மறுபடியும் மூன்று வருடத் தடை. புதிதாக வருவதைத் தடுக்கிறார்கள், சரி, ஏற்கெனவே டெம்போ புத்தகத்தில் ஓடுகிறவற்றை என்ன செய்வது? அதற்குத்தான் சட்டம் படித்தவர்கள் வக்கீல் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வு இருக்கிறது என்பார்கள், உச்ச நீதிமன்றமும் 2023-ல் அது செல்லும் என்றுவிட்டது. ஆனால் அது ஐந்து வருடமும் அப்பாவின் நிலமும் போன பிறகு வருகிற தேர்வு.

அப்படியானால் கல்லூரிகளைக் கண்காணிக்கிற பொறுப்பை மத்திய அரசிடம் கொடுத்துவிடலாமா என்றால் அதற்கும் எனக்கு மனசு வரவில்லை. அரசை எதிர்த்து வழக்குப் போட வேண்டியவர்களை அரசே தயாரிப்பதா? கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடுகிற நாக் (NAAC) குழு மட்டும் என்ன, 2025 பிப்ரவரியில் அதன் ஆய்வுக் குழுவினரையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தது. சன்னது பார் கவுன்சிலிடமே இருக்கட்டும். கல்லூரியைப் பார்க்கிற வேலையைத் தனி அமைப்பிடம் கொடுங்கள், அதில் ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற நீதிபதிகளும் அதிகமாகவும், பதவியில் இருக்கும் வக்கீல் தலைவர்கள் குறைவாகவும் இருக்கட்டும். சொல்லாமல் வந்து பார்க்கட்டும், ரிப்போர்ட்டை அப்படியே இணையத்தில் போடட்டும். அப்புறம், பிள்ளைகளிடம் தனியாகப் பேசட்டும், எங்களிடம் யாரும் பேசவில்லை.

கடைசியாக நடந்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி புரோக்கரிடம் கேட்டேன். கட்டிடத்தின் போட்டோ ஒன்று வந்திருக்கிறது.