கையெழுத்துப் போட்டவன் எழுதுகிறேன்

2017 இறுதியில், கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் நாங்கள் வழக்கமாக இட்லி அரிசி வாங்கும் கடை வாசலில் ஒரு மடக்கு மேசை போட்டிருந்தார்கள். நீதிபதி ஆரன் பெர்ஸ்கியைப் பதவியிலிருந்து இறக்க வாக்கெடுப்பு கோரும் மனு. அரிசி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். படிக்க என்ன இருக்கிறது என்ற கோபம்.

கோபத்துக்குக் காரணமும் இருந்தது. 2015 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் ஒரு குப்பைத் தொட்டிக்குப் பின்னால், நினைவிழந்து கிடந்த பெண்ணைப் பல்கலைக்கழக நீச்சல் வீரன் ப்ராக் டர்னர் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினான். சைக்கிளில் வந்த இரண்டு ஸ்வீடன் மாணவர்கள்தான் ஓடியவனை மடக்கிப் பிடித்தார்கள். ஜூரி அவனைக் குற்றவாளி என்றது. அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டு. அரசுத் தரப்பு கேட்டது 6 ஆண்டு. பெர்ஸ்கி கொடுத்தது உள்ளூர்ச் சிறையில் 6 மாதம். மூன்றே மாதத்தில் வெளியே வந்துவிட்டான். பெரிய மாநிலச் சிறைக்கு அனுப்பினால் அது அவனைக் கடுமையாகப் பாதிக்கும் என்றார் நீதிபதி. பிறகு சிறை எதற்கு இருக்கிறதாம்?

அந்தப் பெண் நீதிமன்றத்தில் வாசித்த அறிக்கையை நான் ஒரே மூச்சில் படிக்கவில்லை, முடியவில்லை. தனக்கு என்ன நடந்தது என்பதையே அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு செய்தியில் படித்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். அத்தனையும் விவரித்துவிட்டு, அதே செய்தியின் அடியில் அவன் எத்தனை நொடியில் நீந்துவான் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். அவன் அப்பாவோ, மகனுக்கு முன்போல ஸ்டேக் என்ற மாட்டிறைச்சி உணவு இறங்கவில்லை என்று நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். '20 நிமிடச் செயலுக்கு' இது பெரிய விலை என்றும் சொன்னார்.

என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. அவன் சிறையில் கிடந்து அழுக வேண்டும் என்று தான் விரும்பவில்லை என்று நன்னடத்தை அதிகாரியிடம் அந்தப் பெண் சொல்லியிருந்தார். சிறையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிகாரி ஓராண்டு அல்லது அதற்கும் குறைவு போதும் என்று பரிந்துரைத்தார்; நீதிபதி அந்த வழியே போனார். அந்தப் பெண் காட்டிய பெருந்தன்மையை அவன் கணக்கில் வரவு வைத்துவிட்டார்கள்.

2018 ஜூன் 5 அன்று 60 சதவீதத்துக்கும் மேலானோர் பெர்ஸ்கியை இறக்கினோம். கலிஃபோர்னியாவில் 1932க்குப் பிறகு இப்படிப் பதவி இழந்த முதல் நீதிபதி. இத்தனைக்கும் அவர் 2016லேயே, தானாகக் கேட்டு, குற்ற வழக்குகளை விட்டு சிவில் பிரிவுக்குப் போய்விட்டார். அது தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஏழைகளுக்காக வாதாடும் அரசு வழக்கறிஞர்கள் பலர் அப்போதே இந்தப் பதவியிறக்கத்தை எதிர்த்தார்கள். நீதிபதிகள் பயந்தால், அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பவன் ஸ்டான்ஃபோர்டில் படிக்கிறவனாக இருக்க மாட்டான் என்றார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பின்னால், கலிஃபோர்னியாவில் அந்தக் காலத் தண்டனைகளை எண்ணிப் பார்த்த ஆய்வு ஒன்று வந்தது. பெர்ஸ்கியை இறக்கும் இயக்கம் அறிவிக்கப்பட்டதும் தண்டனைகள் நீண்டிருக்கின்றன. கறுப்பின, லத்தீன் மக்கள் மேல்தான் சுமை அதிகம் ஏறியிருக்கிறது. நாங்கள் எறிந்த கல் வேறு யார் வீட்டு ஓட்டிலோ விழுந்திருக்கிறது.

2016 செப்டம்பரில் சட்டத்தைத் திருத்தி, நினைவிழந்தவரை இப்படித் தாக்கினால் மாநிலச் சிறை கட்டாயம் என்று ஆக்கினார்கள். தீர்ப்பில் கண்ட ஓட்டையை அங்கேயே அடைத்தாயிற்று. அதோடு நின்றிருக்க வேண்டும் என்பது இப்போது என் எண்ணம்.

மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தச் சட்டம் மட்டும் எப்படி வந்ததாம்? அதுவும் இதே கோபத்தில்தானே வந்தது?" என்கிறாள். ஆமாம் என்றேன். "அப்படியானால் எந்த இடத்தில் நிறுத்தியிருப்பீர்கள்? அரிசி மூட்டையைக் கீழே வைப்பதற்கு முன்பா, பின்பா?"

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.