பகிடிப் படங்களை யார் பத்திரப்படுத்துவது?

பழைய பகிடிப் படங்களின் நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், வீடியோ கொப்பி என்று பதினைந்து வருசமாகச் சேர்த்து வருகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். "எம்.ஜி.ஆர், சிவாஜி படம் இல்லையா? ஆருக்கும் தெரியாத இதுகளை வைத்து என்ன செய்யப் போறீங்கள்?"

எம்.ஜி.ஆர் படத்தை ஊரே வைத்திருக்கிறது. நான் விட்டாலும் அது அழியாது.

1976இல் இலங்கையில் வந்த 'கோமாளிகள்' படம் அப்படியா? இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகம்தான் படமானது. ராம்தாஸ் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், செல்வசேகரன் உபாலியாகவும், அப்துல் ஹமீத் ஐயராகவும் நடித்தார்கள். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் கதைக்கிற தமிழ், ஐயர் தமிழ் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். கொட்டாஞ்சேனைச் சந்தியில் பத்து நிமிசம் நின்றால் காதில் விழுகிற கொழும்பு அதுதான். அந்தக் காலத்துச் சோகப் படங்களில் மீன்காரனும் டொக்டரும் ஒரே தமிழில்தான் அழுவார்கள். பகிடிக்கு அது சரிவராது. வாயில் வருகிறபடி கதைத்தால்தான் சிரிப்பு வரும். ஒரு காலத்தின் பேச்சைக் கேட்க வேண்டுமென்றால் நான் பகிடிப் படத்தைத்தான் தேடிப் போவேன்.

ஆனால் பகிடியை யாரும் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லையே. சிரித்தோம், முடிந்தது, அவ்வளவுதான். 1983 ஜூலைக் கலவரத்தில், கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது அங்கிருந்த படச்சுருள்களும் போயின. நெருப்புக்குத் தப்பினாலும் இந்தப் புழுக்கம் விடாது. அந்தக் காலத்துப் படச்சுருளான அசிட்டேட் ஃபிலிம் கெட்டுப்போகத் தொடங்கினால் டப்பாவைத் திறந்ததுமே வினாகிரி மணம் அடிக்கும். அதன்பிறகு அது சுருங்கிக்கொண்டே போகும், பழைய நிலைக்குத் திருப்பவே முடியாது.

அதனால்தான் சில சேகரிப்பாளர்கள் மேல் எனக்குக் கோபம். ஒருவரிடம் பழைய றேடியோ பகிடி நாடகக் கசட் ஒன்று இருந்தது. கொப்பி பண்ணித் தரச் சொல்லிக் கேட்டேன். "எல்லாரிடமும் போய்விட்டால் என்னுடையதுக்கு என்ன மதிப்பு?" என்றார். இரண்டு வருசம் கழித்து அவரே கூப்பிட்டுக் காட்டினார். நாடா முழுக்கப் பூஞ்சணம். ஒருவரிடம் மட்டும் இருப்பதுதான் மதிப்பு என்று நினைத்தால் கடைசியில் அந்த ஒருவரிடமும் இருக்காது.

மறுபக்கம், என்னிடமிருந்த இன்னொரு கசட்டைப் போனமாதம் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இரைச்சல்தான் கூட. இரண்டு வசனம் போனதும், மூன்றாவதை அம்மா முந்திக்கொண்டு சொன்னா. நாற்பது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது.

உங்கள் வீட்டு அலுமாரியில், பரணில், கட்டிலுக்கடியில் இப்படி ஏதும் கிடந்தால் எனக்குத் தர வேண்டாம், விற்கவும் வேண்டாம். கொப்பி பண்ண ஒரு பின்னேரம் தாருங்கள். பிளேயரை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.