கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர்

தருமபுரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காவி படிந்த பல் ஒரு நோயாகத் தெரிவதில்லை. "எங்க ஊர் தண்ணி வாகு அப்படி" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். என் பள்ளிக் காலக் குழுப் படத்தில் பெண்கள் பலர் உதட்டை இறுக மூடிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

என் பெரியம்மா வீட்டில் இரண்டு குடங்கள் இருக்கும். 2013இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரித் தண்ணீர் ஒன்றில். அது பாத்திரம் கழுவ. தோட்டத்து போர் தண்ணீர் மற்றொன்றில், அது குடிக்க. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடிக்கிறது என்பார். போர் தண்ணீரை டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் காட்டி, "பாரு, கண்ணாடி மாதிரி இருக்குது" என்பார்.

அந்தக் கண்ணாடித் தண்ணீரில்தான் ஃப்ளோரைடு இருக்கிறது. பாறையிலிருந்து கரைந்து வரும் அதற்கு நிறமோ மணமோ கிடையாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் குடித்தால், முதலில் வளரும் பிள்ளைகளின் பல்லில் கறையாகத் தெரியும். அளவு மிகுந்தால் பின்னாளில் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். காய்ச்சினாலும் அது போகாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

இதை மக்களின் அறியாமை என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கலங்கிய தண்ணீரையும் நாறும் தண்ணீரையும் ஒதுக்கக் கற்ற கண்ணும் மூக்கும்தான் தலைமுறை தலைமுறையாக வாந்திபேதியிலிருந்து நம்மைக் காத்தன. தெருச் சாக்கடை நாறினால் மறுநாளே மனுவோடு நிற்கும் எங்கள் ஊரார், போர் தண்ணீருக்காக ஒரு மனுவும் எழுதியதில்லை என்றால், அந்த ஆபத்து அவர்களுடைய எந்தப் புலனுக்கும் எட்டவில்லை என்பதே காரணம். முட்டி மடங்காமல் போனால் வயதையும் களையெடுத்த காலத்தையும் சொல்வார்கள். இருபது ஆண்டு கழித்து வரும் வலியை இன்று குடிக்கும் தண்ணீரோடு யார் முடிச்சுப் போடுவார்?

எங்கள் தெருவில் ஒருமுறை பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்குக் கொண்டு போனார்கள். முடிவு என்னவென்று எவரும் வந்து சொல்லவில்லை. சோதனையில் வந்த அளவைத் தண்ணீர்த் தொட்டியின் மேலேயே பெரிதாக எழுதி, எத்தனை வயதுப் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று தமிழில் சொல்லியிருந்தால் போதும். குடத்தைச் சற்று நேரம் திறந்து வைத்தால் குளோரின் வாடை குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

பெரியம்மாவின் பேத்திக்கு இப்போது இரண்டு வயது. ஈறுக்குள்ளே அவளுடைய நிலைப் பற்கள் உருவாகும் காலம் இதுதான் என்று போன மாதம் உட்கார்ந்து சொன்னேன். குழந்தைக்கு மட்டும் இப்போது காவிரித் தண்ணீர். பெரியம்மாவின் டம்ளரில் இன்னும் போர் தண்ணீர்தான்.