வேலையை விட்டுவிட்டுப் படிக்கச் சொன்னவருக்கு

மூன்று நாள்களாக எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்பதால், பேசியவர் யார், எந்த மேடை என்பதையெல்லாம் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே சட்ட நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்கள் பொழுதுபோக்காக விண்ணப்பம் போடுகிறவர்கள் என்றும், உண்மையிலேயே அக்கறை இருந்தால் ஓராண்டு வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார வேண்டும் என்றும் அவர் சொன்னபோது, முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். அவர் பேச்சைக்கூட மறந்துவிடுவேன், அந்தச் சிரிப்புதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. (இரவுப் பணிக்காரன் எப்போதுதான் தூங்கினான் என்று கேட்காதீர்கள்.)

வேலையை விடாததற்கும் படிப்பில் அக்கறை இல்லாததற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஏற்காட்டில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் வீட்டிலிருந்து புதிய பேருந்து நிலையம் வந்து, அங்கிருந்து மாலைப் பேருந்தில் மலையேறினால், அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவில் புத்தகத்தைத் திறந்தால் ஐந்தாவது வளைவில் குமட்டும். அதனால் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை மதியமே என் குரலில் வாசித்துப் பதிவு செய்துகொண்டு, பேருந்தில் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே போகிறேன். தமிழ்வழியில் படித்தவன் என்பதால் பாதிச் சொற்களைத் தவறாகத்தான் உச்சரிக்கிறேன், அந்தத் தவறான உச்சரிப்பையே மறுபடியும் மறுபடியும் கேட்டு மனப்பாடமும் செய்துவிடுகிறேன். முன்வரிசைக்காரர்கள் இதற்கும் சிரிக்கலாம்.

இரவு ஒன்றரை மணிக்கு மேல்தான் மேசை அமைதியாகும். அதன் பிறகு நான்கரை வரை எனக்கான நேரம், அதுவும் இன்னொரு கம்பளி வேண்டும், வெந்நீர் வரவில்லை என்று எந்த அறையிலிருந்தும் அழைப்பு வராதிருந்தால். அறைகளைச் சுத்தம் செய்யும் அக்கா மட்டும், தாம் விழித்திருக்கும் நாள்களில், "நீ படி கண்ணு, மணி அடிச்சா நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். என் அக்கறையை அளந்து பார்க்க அவருக்கு எந்த மேடையும் தேவைப்படவில்லை.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கிளாட் (CLAT) நுழைவுத் தேர்வு என்பது 120 நிமிடத்தில் 120 கேள்வி. ஏறத்தாழ 450 சொற்கள் வரை நீளும் பத்திகளைப் படித்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். தவறான பதிலுக்குக் கால் மதிப்பெண் போகும். அத்தனையும் ஆங்கிலத்தில். முழு நேரமும் படிக்கிறவனோடு போட்டி போட உன்னால் முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், நானும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மணி நேரம் இடைவெளியின்றி ஒரு மாதிரித் தேர்வை எழுதி முடித்ததாக எனக்கு நினைவே இல்லை. எழுபதாவது கேள்வியில் இன்டர்காம் அடிக்கும். சென்ற முறை உண்மையான தேர்வில் 94 கேள்விகளோடு நேரம் முடிந்துவிட்டது. டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குத் தேர்வு, விடுதிக்காரர்களுக்கோ ஞாயிறுதான் உயிர். விடுப்புக் கேட்டபோது மேலாளர், "ஞாயித்துக்கெழமையா தம்பி?" என்று மட்டும் கேட்டார், அதிலேயே பதில் இருந்தது. இரவுப் பணி முடித்து இறங்கி வந்து, வீட்டில் முகம் கழுவிக்கொண்டு, அப்படியே தேர்வுக்குப் போனேன். என் வேகம் குறைவு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அக்கறை குறைவு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மேசை என் படிப்பைத் திருடுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கோ அது சட்டத்தைச் சொல்லியும் தருகிறது. 1949இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. விடுதி அறையிலிருந்து விலையுயர்ந்த மேலாடைகள் திருடு போயின, பொருள்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று அறைக்குள் எழுதி மாட்டியிருக்கிறோமே என்றது நிர்வாகம். ஒப்பந்தம் வரவேற்பு மேசையிலேயே முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு அறைக்குள் போய்ப் பார்க்கும் அறிவிப்பு விருந்தினரைக் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். ஒப்பந்தச் சட்டப் புத்தகங்களில் எல்லோரும் அதைப் படிக்கிறார்கள். நான் அதைப் படித்த இரவில், ஒப்பந்தம் முடிகிற அந்த மேசைக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் அறைக் கதவுகளுக்குப் பின்னாலும் அதே வாசகம் ஒட்டியிருக்கிறது. விடுதி ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருடு போனால், 'உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்' என்று சீட்டில் அச்சடித்திருப்பதைக் காட்டி விடுதி தன் கவனக்குறைவிலிருந்து தப்பிவிட முடியாது என்று நம் உச்ச நீதிமன்றமே 2019இல் சொல்லியிருக்கிறது. அப்படிப்பட்ட சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறவனுக்கு அந்தத் தீர்ப்பு எப்படி மறக்கும்?

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேர்க்கிறார்களே, எதற்கு இந்தத் தேர்வு என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்டிருந்தார். என் மதிப்பெண்ணை வைத்து அதில் இடம் கிடைக்காது. கிளாட்டுக்கு 45 சதவீதம் போதும், வயது வரம்பும் இல்லை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்துக்கு என்ன செய்வாய் என்று இன்னொருவர். வங்கிக் கடன். அதை அப்போது பார்த்துக்கொள்வோம்.

சட்டம் முழு நேரப் படிப்புதானே, என்றைக்காவது வேலையை விடத்தானே வேண்டும் என்பவர்களுக்கு: ஆம், விடத்தான் வேண்டும். இந்திய வழக்கறிஞர் கழகத்தின் (பார் கவுன்சில்) 2008ஆம் ஆண்டு விதிகளின்படி, எல்லோரும் அங்கேயே தங்கிப் படிக்காத கல்லூரிகளில்கூட காலை எட்டு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் இடையில்தான் வகுப்பு நடக்க வேண்டும், எனவே இடம் கிடைத்த நாளில் நானே ராஜினாமாக் கடிதம் கொடுப்பேன். இடமே கிடைக்காத இன்றைக்கு எதற்காகக் கொடுக்க வேண்டும்? கைத்தறி நெய்யும் அப்பாவால் குழித்தறியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடிவதில்லை, முழங்கால் விடுவதில்லை. தங்கை செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. மாதம் ஏழாம் தேதி சம்பளம் வந்ததும் அதில் என் பங்கு பேருந்துக் காசு மட்டும். ஓராண்டு வேலையை விட்டுவிட்டு வா என்று மேடையில் சொல்வது எவ்வளவு எளிதாக இருக்கிறது! அந்த ஓராண்டுக்கு எங்கள் வீட்டுக்கு அரிசி அனுப்புவதாக அவர் எங்காவது சொல்லியிருந்தால், காணொளியில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

உண்மையைச் சொன்னால், அந்தப் பேச்சாளர் எனக்கு யாரோ ஒருவர். அந்தக் காணொளியை எங்கள் குடும்பக் குழுவில் போட்டது பெரியப்பா மகன். "தம்பிக்கு" என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தார். வேலையில்லாமல் மூன்றாண்டு போட்டித் தேர்வுக்குப் படித்தவர் அவர், அந்த மூன்றாண்டும் அவருக்குச் சோறு போட்டது பெரியப்பாவின் ஓய்வூதியம். அதை யாரும் குழுவில் எழுதவில்லை, நானும் எழுத மாட்டேன். இங்கே எழுதிவிட்டேன் என்பது வேறு.

அந்தக் காணொளிக்குக் கீழே அப்பா கும்பிடுகிற கைகளைப் போட்டிருந்தார். அவர் எதையும் முழுதாகப் பார்ப்பதில்லை, காலை வணக்கத்துக்கும் இரங்கல் செய்திக்கும் அதே கைகளைத்தான் போடுவார் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் நேற்று மாலை சோற்று டப்பாவை எடுத்துக் கொடுத்தவரிடம், பார்த்தீர்களா அப்பா என்று கேட்க வாய் வரவில்லை. பேருந்தில் ஏழாவது வளைவு வரை பதிவை ஓடவிடவே இல்லை.