பேட்டரி செத்தாலும் ஆர்எக்ஸ் 100 கிளம்பும்

பேட்டரி இறங்கினால் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 கிக் அடித்தாலும் கிளம்பாது, முதலில் புது பேட்டரி போடுங்கள் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். மன்னிக்கவும், அது சரியில்லை. இந்த வண்டியில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் மின்சாரம், இன்ஜின் சுற்றும்போது தானே மின்சாரம் தரும் மேக்னெட்டோ காயிலிலிருந்து வருகிறது. பேட்டரி வேலை ஹாரன், இண்டிகேட்டர் மாதிரி விஷயங்களோடு சரி.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். பிளக்கை எடுத்து, கேப்போடு சேர்த்து அதன் மரையை இன்ஜின் ஹெட்டில் ஒட்டிப் பிடியுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வேண்டாம், பெட்ரோல் ஆவி பற்றும். சாவியைப் போட்டுக் கிக் அடித்தால் நீலப் பொறி தெரியும். தெரியாவிட்டாலும் கோளாறு பிளக், காயில், சிடிஐ (பொறியைச் சரியான நேரத்தில் தரும் சின்ன மின்னணுப் பெட்டி) பக்கம்தான். பேட்டரிக்குச் செலவு செய்யாதீர்கள்.