அந்தச் சிரிப்பு

நேற்றைய விவாத நிகழ்ச்சியின் துணுக்கு இந்நேரம் எல்லோர் கைபேசிக்கும் வந்திருக்கும். மரமஞ்சளில் கிருமிகளுக்கு மருந்து தேடி ஆய்வு செய்வதாகச் சொன்ன அந்தப் பெண்ணைப் பார்த்து, "கஷாயம் காய்ச்சியா கிருமியைக் கொல்லப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு எல்லோரும் சிரித்தார்களே, அது. அவள் கையிலிருந்த தாளை மடித்து மடித்து விரலளவுக்குச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

செடியை அப்படியே நம்பச் சொல்லவில்லை. அதில் மருந்தைத் தேடச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றில்லை.

மலேரியாவுக்கு இன்று உலகம் முழுக்கக் கொடுக்கும் ஆர்ட்டிமிசினின் எங்கிருந்து வந்தது? பழைய சீன மருத்துவச் சுவடியில், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்று ஒரு வரி இருந்தது. காய்ச்சச் சொல்லவில்லையே, சூட்டில்தான் மருந்து கெடுகிறதோ என்று சீன விஞ்ஞானி தூ யூயூ யோசித்தார். குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் ஈதர் என்ற திரவத்தில் சாறெடுத்தார். 1972இல் மருந்து கையில் கிடைத்தது, 2015இல் நோபல் பரிசு. அவரைப் பார்த்தும் சிரிப்பீர்களா?

மரமஞ்சளுக்கே வருகிறேன். அதன் மஞ்சள் நிறமே பெர்பெரின் என்ற வேதிப்பொருள்தான். என் அப்பத்தா அந்தக் கட்டையைக் காய்ச்சிய தண்ணீரில்தான் எங்கள் முழங்கால் புண்ணைக் கழுவுவார். துணியில் பட்டால் கறை போகாது. ஆனால் பெர்பெரினைத் தனியாகப் பிரித்துப் போட்டால், புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி பெரிதாக அசையாது. உள்ளே போனதை ஒரு பம்ப் வைத்து வெளியே தள்ளிவிடும். பெர்பெரின் உள்ள ஓர் அமெரிக்கச் செடியில், அந்தப் பம்பை அடைக்கிற இன்னொரு பொருளும் இருப்பதை 2000இல் கண்டுபிடித்தார்கள். அது தனியாகக் கிருமியைக் கொல்லாது. பெர்பெரினோடு சேர்ந்தால்தான் வேலை. தேடியதால்தானே இது தெரிந்தது?

"ஆய்வகத் தட்டில் கிருமி செத்தால் உடம்பிலும் சாகுமா?" என்பீர்கள். சாகாமல் போகலாம், சரி. பெரும்பாலும் அங்கேதான் தோற்கிறது. அதற்காகத் தேடவே கூடாதா? "அப்போ ஆன்டிபயாடிக் வேண்டாமா?" என்று கேட்பவர்களுக்கு: என் அப்பாவின் சர்க்கரைப் புண் காலைக் காப்பாற்றியது ஆன்டிபயாடிக்தான். அது கேட்காமல் போகிற நாளை நினைத்துப் பயப்படுவதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நானும் மூன்று வருடம் ஓர் ஆய்வகத்தில் இதே வேலைதான் செய்தேன். காலையில் கிருமி வளர்த்த தட்டைத் திறந்தால், செடிச் சாறு தோய்த்த காகித வில்லையைச் சுற்றி நகக்கண் அளவுக்குக் கிருமி வளராத தெளிந்த வளையம் இருக்கும். அதைக் காட்டியபோது, "பாட்டி வைத்தியத்துக்கு எதுக்கும்மா பட்டம்?" என்றார் ஒரு பெரியவர். அன்றும் எல்லோரும் சிரித்தார்கள். அந்த வருடமே நான் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

தங்கச்சி, இதைப் படித்தால் ஒன்று சொல். பெர்பெரினைத் தனியாகவும் முழுச் சாற்றையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் வைத்துப் பார்த்தாயா? நான் அதைச் செய்யாமலே வந்துவிட்டேன்.